ஒரே அட்டை, வீட்டில் மூன்று வயிறு

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். முக்கூடல் பக்கத்துக் கிராமம். வயது 39. பீடி சுற்றுகிறேன். மூன்று வருடமாக அடிவயிற்றைப் பிடித்து முறுக்குகிறது. காலையில் காப்பி குடித்த கையோடு இரண்டு மூன்று தடவை வெளியே போகவேண்டியிருக்கிறது. போய் வந்ததும் வலி தணிந்துவிடும். சில நாள் எதிர்மாறாக ஆட்டுப் புழுக்கை போலக் கொஞ்சம்தான் வரும். கடையில் பீடி கொடுக்கப் போகிற நாளில் ரொம்ப அதிகம். மாதவிடாய் வலிக்கென்று முன்பு ஒரு டாக்டர் எழுதித் தந்த மாத்திரை இதற்கும் கேட்கிறது. டைசைக்ளோமின், மெஃபனாமிக் அமிலம் என்று அட்டையில் போட்டிருக்கிறது. இப்போது தினமும் இரண்டு போடுகிறேன். பழைய சீட்டைக் காட்டினால் மருந்துக்கடையில் தந்துவிடுகிறார்கள். வாய் வறண்டு போகிறது, பீடிக்கு நூல் கட்டும்போது கண் மங்குகிறது. போன வாரம் 71 வயது மாமனார் வயிற்றைப் பிசைகிறது என்றதும் அதில் ஒன்றைக் கொடுத்தேன். அன்று இரவு சிறுநீர் சரியாகப் போகவில்லை என்று விடியும்வரை எழுந்து எழுந்து உட்கார்ந்தார். நான் இந்த மாத்திரையைத் தொடரலாமா? குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கவேண்டுமா? புற்றுநோயாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. என் மகளுக்கு 16 வயது, அவளுக்கும் மாதவிடாய் வலி. இதையே கொடுக்கலாமா?

பதில்: சகோதரிக்கு வணக்கம். நீங்கள் கேட்ட வரிசையில் நான் பதில் சொல்லப் போவதில்லை. மாமனாரில் தொடங்குகிறேன். அவர் விஷயத்தில் நாள் கடத்தக் கூடாது.

அந்த மாத்திரையை அவருக்கு இனி ஒன்றுகூடக் கொடுக்காதீர்கள். எழுபதைத் தொட்ட ஆண்கள் பலருக்குப் புராஸ்டேட் சுரப்பி பெருத்துச் சிறுநீர்ப் பாதையை நெருக்கிக்கொண்டிருக்கும். சிறுநீர்ப்பையின் தசை முக்கித் தள்ளித்தான் அதுவரை சமாளித்துவந்திருக்கும். டைசைக்ளோமின் அந்தத் தசையையும் தளர்த்திவிடும். அன்று இரவு அவர் பட்ட பாட்டுக்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். ஒன்றோடு நின்றதால் மறுநாளே சரியாகியிருக்கலாம். இப்போதும் சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது, அடிவயிறு உப்பி வலிக்கிறது என்றால், இந்தப் பதிலை மூடிவைத்துவிட்டு அவரைப் பாளையங்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். குழாய் செருகித் தேங்கிய சிறுநீரை இறக்குவது சில நிமிட வேலை. தள்ளிப்போட்டால் சிறுநீரகம் கெடும்.

அவருக்குக் கண் நீர் அழுத்தம் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கிளாக்கோமாவில் ஒரு வகைக்கு இந்த மருந்து ஆகவே ஆகாது. கண் வலித்துச் சிவந்து, விளக்கைப் பார்த்தால் சுற்றிலும் வளையம் தெரிவதாகச் சொன்னால் அன்றே கண் மருத்துவரிடம் போகவேண்டும். வயதானவர்களுக்கு இதனால் மனம் குழம்புவதும் உண்டு. நின்ற இடத்தில் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்பவர்களும் உண்டு. கூடவே இருக்கிற வலிநிவாரணி அவர் வயதுச் சிறுநீரகத்துக்குத் தனிச் சுமை.

இன்னொன்று. 71 வயதில் புதிதாக வயிறு பிசைகிறது என்றால், அதை ‘வாயு’ என்று நாமே முடிவுகட்டக் கூடாது. உங்களுக்கு இருப்பதுபோன்ற தொல்லை பெரும்பாலும் இளம் வயதிலோ நடு வயதிலோ தொடங்குவது. அவர் வயதில் குடலில் அடைப்பு, கட்டி, பித்தப்பைக் கல் இவையெல்லாம் இல்லை என்று பார்த்த பிறகுதான் வேறு பெயர் வைக்கலாம். மேல்வயிற்று வலி மாரடைப்பின் வேடமாகவும் இருக்கும். எனவே சிறுநீர் சரியாகப் போனாலும் இந்த வாரத்துக்குள் அவரை ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இனி உங்களுக்கு வருகிறேன்.

வலி வருகிறது, வெளியே போனதும் தணிகிறது, சில நாள் இளகலும் சில நாள் புழுக்கையுமாக மாறி மாறிப் போகிறது, மூன்று வருடமாக ஒரே மாதிரி நடக்கிறது. நீங்கள் எழுதியிருப்பது மருத்துவர்கள் ஐ.பி.எஸ். என்று சுருக்கிச் சொல்லும் குடல் எரிச்சல் நோயின் அடையாளத்தோடு அப்படியே ஒத்துப்போகிறது. உலக அளவில் இப்போது புழங்குவது 2016இல் வந்த ‘ரோம் 4’ வரையறை. கடைசி மூன்று மாதங்களில் வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்று வலி இருக்கவேண்டும். மலம் கழிப்பதோடு வலிக்குத் தொடர்பு இருப்பது, போகிற தடவை மாறுவது, மலத்தின் தன்மை மாறுவது ஆகிய மூன்றில் இரண்டு சேரவேண்டும். தொல்லை தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்கவேண்டும். உங்கள் கடிதத்தில் மூன்றுமே இருக்கின்றன.

இந்த நோயில் குடலைத் திறந்து பார்த்தால் புண்ணோ கட்டியோ இருக்காது. குடல் அசைகிற விதமும், அந்த அசைவைக் குடல் நரம்புகள் மூளைக்குச் சொல்கிற விதமும் பிசகியிருக்கும். மற்றவர்களுக்கு உறைக்காத சாதாரண அசைவுகூட உங்களுக்கு வலியாகத் தெரியும். காலையில் காப்பி குடித்ததும் ஓடவேண்டியிருப்பதற்கும் காரணம் உண்டு. இரைப்பையில் ஏதாவது விழுந்ததும் பெருங்குடல் சுருங்கி இடம் ஒழிப்பது எல்லோருக்கும் இயல்பு. காப்பி அதைத் தூண்டிவிடும். உங்கள் குடலில் அந்தச் சுருக்கம் அளவுக்கு மீறிப் போகிறது. பீடி கொடுக்கிற நாளில் அதிகமாவதும் கற்பனை இல்லை. சுற்றியது கழிவு என்று தள்ளப்பட்டால் கூலி போச்சே என்ற கவலை மூளையிலிருந்து குடலுக்கு நேராக இறங்குகிறது. ‘எல்லாம் மனப்பிரமை’ என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். வலி உண்மையான வலிதான்.

புற்றுநோய் பயத்துக்கு வருகிறேன். நீங்கள் சில கேள்விகளுக்கு உங்களுக்குள்ளேயே பதில் சொல்லிப் பார்க்கவேண்டும். மலத்தில் ரத்தம் கலந்து வருகிறதா, அல்லது தார் போலக் கறுப்பாகப் போகிறதா? முயலாமலே உடம்பு இளைத்திருக்கிறதா? நல்ல உறக்கத்திலிருந்து வயிற்றோட்டம் எழுப்பிவிடுகிறதா? சாயங்காலங்களில் காய்ச்சல் அடிக்கிறதா? பெற்றோர், கூடப்பிறந்தோர் யாருக்காவது குடல் புற்று வந்திருக்கிறதா? இவற்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் குழாய் விட்டுப் பார்ப்பதைப் பற்றி மருத்துவரிடம் உடனே பேசுங்கள். நம் ஊரில் மாலைக் காய்ச்சலும் இளைப்பும் வயிற்று வலியும் சேர்ந்தால் நான் புற்றுக்கு முன்னால் குடல் காசநோயை நினைப்பேன். அது மாத்திரையில் குணமாகிற நோய். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றால், 39 வயதில் எடுத்ததுமே குழாய் பரிசோதனை தேவையில்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு, அழற்சி இருக்கிறதா என்பதற்கான சோதனை, ஒரு மலப் பரிசோதனை, கோதுமைப் புரதம் குடலுக்குச் சேராத சீலியாக் நோய்க்கான ரத்தச் சோதனை ஆகியவை பெரும்பாலும் போதும். மாதவிடாய் நாட்களில் வலி கூடுதலாக இருந்தால் மகப்பேறு மருத்துவர் ஒருவர் கருப்பையையும் சினைப்பையையும் பார்த்துவிடட்டும்.

ஒரு புலம்பல், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொல்லையோடு என்னிடம் வருகிறவர்கள் பலரும் அதற்குள் ‘அமீபா’ என்ற பெயரில் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையைப் பலமுறை விழுங்கியிருப்பார்கள். மலத்தைச் சோதிக்காமல் யாராவது உங்களுக்கு அதை எழுதினால் ‘பார்த்துச் சொல்லுங்கள் டாக்டர்’ என்று தயங்காமல் கேளுங்கள்.

இப்போது அட்டை. அதில் இருப்பது ஒரு மருந்தல்ல, இரண்டு. வழக்கமாக டைசைக்ளோமின் 10 மில்லிகிராமும் மெஃபனாமிக் அமிலம் 250 மில்லிகிராமும் இருக்கும். முதலாவது தசைப்பிடிப்பைத் தளர்த்துவது. இரண்டாவது வலிநிவாரணி. மாதவிடாய் வலியில் கருப்பையைச் சுருக்கும் வேதிப்பொருளை இரண்டாவது மருந்து தடுக்கிறது. அதனால் அந்த இரண்டு மூன்று நாட்களுக்கு அது பொருத்தமானது. உங்கள் குடலுக்கோ தேவைப்படுவது முதலாவது மட்டும்தான்.

கவனிக்கவேண்டிய இடம் இதுதான். மெஃபனாமிக் அமிலத்தின் நன்கு தெரிந்த பக்கவிளைவுகளில் ஒன்று வயிற்றோட்டம். நீங்கள் தினமும் இரண்டு விழுங்குகிறீர்கள். ஒரு மருந்து குடலை அடக்க, மற்றது கிளறிவிடுகிறது. காலையில் மூன்று தடவை போவதில் ஒரு பங்கு நோயுடையது இல்லை, மாத்திரையுடையது என்று எனக்குச் சந்தேகம். அதோடு வெறும் வயிற்றில் காப்பியோடு விழுங்கினால் இரைப்பைப் புண் வரலாம். மாதக்கணக்கில் போட்டால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். இந்திய மருந்துத் தொகுப்பு ஆணையம் 2023 நவம்பர் இறுதியில் இந்த அமிலத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கையே விட்டது. அரிதாகச் சிலருக்குக் காய்ச்சல், உடலெங்கும் தடிப்பு, நெறிகட்டு என்று தொடங்கிக் கல்லீரல் முதலான உள்ளுறுப்புகளையும் தாக்குகிற ஒவ்வாமை வரலாம் என்பது அதன் சாரம். மாத்திரை தொடங்கி இரண்டிலிருந்து எட்டு வாரத்துக்குள் அப்படித் தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

ஆகவே முதல் கேள்விக்குப் பதில்: தினமும் போடுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். படிப்படியாகக் குறைக்கவேண்டிய மருந்து இது இல்லை.

வாய் வறட்சியும் கண் மங்கலும் டைசைக்ளோமின் வேலை. குடல் சுருங்குவதற்கு நரம்பு நுனியில் அசிட்டைல்கோலின் என்ற பொருள் சுரக்கவேண்டும். அதன் கட்டளையை இந்த மருந்து தடுக்கிறது. ஆனால் அதே கட்டளையில்தான் எச்சில் ஊறுகிறது, கண் கிட்டப் பார்வைக்குச் சரிசெய்துகொள்கிறது, சிறுநீர்ப்பை சுருங்குகிறது, வியர்வை வருகிறது. பாளையங்கால்வாயின் தலைமதகை அடைத்துவிட்டு ஒரு வயலுக்கு மட்டும்தான் தண்ணீர் நிற்கவேண்டும் என்றால் நடக்குமா? நீங்கள் போடும் அளவு பெரியதில்லை என்றாலும் சிலருக்கு இதுவே கூடுதல். புகையிலைத் தூளால் தும்மல், சளி என்று குளோர்பெனிரமின் போன்ற ஒவ்வாமை மாத்திரையும் போடுகிறீர்களா? பீடி சுற்றுகிறவர்கள் வீடுகளில் அது அநேகமாக இருக்கும். அதுவும் இதே கட்டளையைத் தடுப்பதுதான். இரண்டும் சேர்ந்தால் வறட்சியும் மங்கலும் இரட்டிப்பாகும்.

வியர்வையைப் பற்றி அழுத்திச் சொல்லவேண்டும். பங்குனி, சித்திரையில் தகரக் கூரையின் கீழே மின்விசிறியையும் நிறுத்தித்தான் பலர் சுற்றுகிறீர்கள், தூள் பறந்துவிடும் என்று. உடம்பு சூட்டை வெளியே தள்ள வியர்வையைத்தான் நம்பியிருக்கிறது. டைசைக்ளோமின் வியர்வையைக் குறைப்பதால் வெப்பத்தாக்கு வருவதற்கு வழி ஏற்படும். இந்த மருந்து எடுக்கிற நாளில் தலை சுற்றி, தோல் காய்ந்து சூடாக இருந்தால் நிழலுக்கு வந்து, உடம்பை நனைத்துக்கொண்டு, உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள். இப்படி ஓர் எச்சரிக்கை உண்டென்று நம் வெயிலில் இதை எழுதிக்கொடுக்கிறவர்களே பலநேரம் சொல்வதில்லை.

அப்படியானால் வலிக்கு என்ன செய்வது? தசைப்பிடிப்பு மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்த நோயில் அவற்றுக்கு நல்ல இடம் உண்டு. உங்களுக்குத் தோதான மருந்தை, தோதான நேரத்துக்கு எழுதி வாங்கவேண்டும். உங்களைப் போன்றவர்களுக்கு நான் முதலில் நினைப்பது மெபெவெரின். குடல் தசையின் மீதே வேலை செய்வதால் வாய், கண், சிறுநீர் பக்கம் தொல்லை மிகக் குறைவு. 135 மில்லிகிராம் மாத்திரை என்றால் நாளுக்கு மூன்று வேளை, மெல்ல வெளியாகும் 200 மில்லிகிராம் என்றால் இரண்டு வேளை. சாப்பாட்டுக்கு 20 நிமிடம் முன்னால் போடவேண்டும். சாப்பிட்ட பிறகு வலி வந்ததும் தேடுவது காலம் கடந்த செயல். இரைப்பையில் சோறு விழும்போது குடல் சுருங்கத் தொடங்கும். மருந்து அதற்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருக்கவேண்டும். ஹையோசின் பியூட்டைல்புரோமைடு, டிரோடாவெரின், புதினா எண்ணெய் அடைத்த குளிகை இவையும் இருக்கின்றன. எது என்பதை உங்களை நேரில் பார்க்கிறவர் முடிவு செய்யட்டும்.

டைசைக்ளோமினையே தனியாகத் தந்தாலும் பரவாயில்லை, உங்களுக்குக் கண் நீர் அழுத்தமும் சிறுநீர்த் தடையும் இல்லை என்றால். ஆனால் புழுக்கையாகப் போகிற நாட்களில் வேண்டாம், மலச்சிக்கலை இன்னும் இறுக்கும். இரைப்பை அமிலத்துக்குக் குடிக்கிற வெள்ளை மருந்தை இதோடு சேர்த்து எடுக்காதீர்கள், மருந்து உடம்பில் சேர்வது குறைந்துவிடும். எந்தத் தசைப்பிடிப்பு மருந்தானாலும் சில வாரம் ஒழுங்காகப் போட்டுப் பார்த்து, தணிந்ததும் நிறுத்தி, பிறகு தேவைப்படுகிற நாளுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. பீடி கொடுக்கப் போகிற காலை அப்படி ஒரு நாள். இரண்டு வாரம் சரியாகப் போட்டும் ஒன்றும் கேட்கவில்லை என்றால் அளவைக் கூட்டிக்கொண்டே போகாமல் மருத்துவரிடம் திரும்பிப் போங்கள்.

ஒரு கலவையைப் பற்றி மட்டும் எச்சரிக்கிறேன். தசைப்பிடிப்பு மருந்தோடு குளோர்டயசெபாக்சைடு என்ற பதற்றம் தணிக்கும் மருந்தையும் சேர்த்து ஒரு மாத்திரை வருகிறது. நன்றாகக் கேட்கும், தூக்கமும் வரும், பிறகு அது இல்லாமல் முடியாது என்றாகிவிடும். அதை எழுதினால் எத்தனை நாளுக்கு என்று கேட்டு, அந்த நாளோடு நிறுத்துங்கள்.

உங்கள் அட்டையின் ஓரத்தில் சிவப்புக் கோடு இருக்கும், பாருங்கள். மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. பழைய சீட்டைப் பார்த்துத் தருகிற கடைக்காரர் உங்களுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைக்கிறார். அந்தச் சீட்டு வேறொரு வலிக்கு எழுதியது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

சாப்பாட்டில் எல்லாவற்றையும் தள்ளிவைத்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். சோறு இந்த நோய்க்கு எதிரி இல்லை, நண்பன். குடலில் போய் நொதித்து வாயுவாகிற பொருள்கள்தான் பலருக்குத் தொல்லை. சின்ன வெங்காயம், பூண்டு, கெட்டிப் பருப்பு, கோதுமை, பால் ஆகியவை அதில் வரும். மெல்போர்னிலுள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தார் வகுத்த உணவுமுறையின் அடிப்படை இதுதான். எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தாமல், முதலில் வெறும்வயிற்றுக் காப்பியை விட்டுப் பாருங்கள். இரண்டு இட்லிக்குப் பிறகு அரை டம்ளர் போதும். அடுத்து ராத்திரி பரோட்டா. அடுத்து வெங்காயத்தைப் பாதியாக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம் கொடுத்து, தணிகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போகவேண்டும். தொல்லை தராதது தெரிந்தால் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். மறுவீட்டு விருந்தில் சொதியைத் தொடாமல் எழுந்து வா என்று திருநெல்வேலிக்காரியிடம் சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், தேங்காய்ப்பாலும் அதற்கு மேல் நெய் அல்வாவும் ஒரே இலையில் சேர்ந்தால் கொழுப்பே குடலைச் சுருட்டும்.

புழுக்கை நாளுக்கும் இளகல் நாளுக்கும் ஒருசேர உதவுவது இசப்கோல் உமி. ராத்திரி ஒரு தேக்கரண்டி, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடித்துவிடவேண்டும். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலேயே அடைக்கும். முதல் வாரம் கொஞ்சம் வாயு கூடும், பிறகு அடங்கும். தட்டை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தபடியே மணிக்கணக்கில் உட்காராமல் இடையிடையே எழுந்து நடங்கள். சுற்றிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். புகையிலைத் தூள் உள்ளே போனாலே குமட்டலும் வயிற்றோட்டமும் வரும்.

இவற்றிலும் அடங்காவிட்டால், இரவில் மிகக் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் எழுதுவார்கள். மனநோய்க்கான மருந்தாயிற்றே என்று மிரளவேண்டாம். இந்தச் சிறு அளவு ஐ.பி.எஸ். தொல்லையைக் குறைக்க உதவுகிறது என்று 2023இல் லான்செட் இதழில் வந்த இங்கிலாந்து ஆய்வு காட்டியிருக்கிறது. பாளையங்கோட்டைச் சித்த மருத்துவமனையிலும் காட்டிச் சூரணம் வாங்குகிறீர்கள் என்றால், அதை இங்கேயும் இதை அங்கேயும் சொல்லிவிடுங்கள்.

எங்கே போவது என்று யோசிக்கவேண்டாம். உங்களிடம் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்குமானால் முக்கூடலிலேயே பீடித் தொழிலாளர்களுக்கான மத்திய அரசு மருத்துவமனை இருக்கிறது. போகும்போது மாத்திரை அட்டை, பழைய சீட்டு, தும்மல் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். இந்த மாதம் மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் அதை முதலில் சொல்லுங்கள்.

மகளைப் பற்றி: பதினாறு வயதில் மாதவிடாய் வலிக்கு மெஃபனாமிக் அமிலம் தரக்கூடிய மருந்துதான். சாப்பிட்ட பிறகு, வலி தொடங்கும்போதே, அதிகபட்சம் இரண்டு மூன்று நாள். ஆனால் உங்கள் அட்டையிலிருந்து கிள்ளிக் கொடுக்காமல், ஒருமுறை அவளையும் கூட்டிப்போய் அவள் பெயரில் சீட்டு வாங்குங்கள். ஆஸ்துமா உண்டா, ஏதாவது வலி மாத்திரைக்கு முன்பு தடிப்பு வந்ததா என்று டாக்டர் கேட்பார். பள்ளிக்கூடத்துக்குப் போகமுடியாத அளவு வலி என்றால், அதை அவள் வாயாலேயே டாக்டரிடம் சொல்லட்டும்.